மோட்டார் போட்டால் நிற்கும் கணினி

(வடசென்னையில் நடந்த குறுவள மையக் கூட்டம் ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி பழுதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கணினி ஆசிரியர் அல்ல. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுப்பவள். கணினி மன்றத்தின் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆகவே நிபுணராகப் பேசப் போவதில்லை. எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்த்த ஒரு கணினி ஆறு வாரம் எங்களை ஆட்டிவைத்த கதையையும், அதில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லப் போகிறேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

எங்கள் பள்ளி திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் இருக்கிறது. 2023 டிசம்பர் மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம். மாதக் கடைசியில் அம்மோனியா கசிவு. ஒரே மாதத்தில் மூன்று. பிள்ளைகள் பள்ளிக்கு வந்த நாள்களை விட வராத நாள்கள்தான் அதிகம். ஜனவரியில் வகுப்புக்குப் போனபோது பாதிப் பேருக்குப் பாடம் விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டால், வர முடியாத பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் செல்போனுக்கே அனுப்பிவிடலாமே என்று.

வீடியோவைத் தொகுக்கக் கொஞ்சம் வேகமான கணினி தேவை. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் பிள்ளைகளின் பயிற்சிக்கும் தேர்வுக்கும் வேண்டியவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. பழைய மாணவர்கள் சிலர் துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் சேர்ந்து 38,000 ரூபாய் தந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, 2024 ஜூலையில் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களை வாங்கி வந்தோம். கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். கணினி மன்றப் பிள்ளைகள் தங்கள் கையால் பூட்டட்டும் என்பது என் ஆசை.

பூட்டினார்கள். ப்ராசசரை வைத்தது ஒரு மாணவி. எஸ்எஸ்டியைப் பொருத்தியது இன்னொருவர். இரண்டு 8 ஜிபி ராம் அட்டைகளை மாட்டியது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனுடைய அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். பையனுக்கும் கை சுத்தம். பட்டனை அழுத்தியதும் மின்விசிறி சுற்றி, திரையில் எழுத்து வந்தபோது பிள்ளைகள் கைதட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது.

வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது பாதியில் நீலத்திரை வந்து நிற்கும். சில நேரம் நீலத்திரைகூட வராமல், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று அணைந்து தானாகத் திரும்ப ஓடும். முக்கால் மணி நேரம் தொகுத்தது போய்விடும். ஒரு நாள் இரண்டு முறை, ஒரு நாள் ஐந்து முறை, ஒரு நாள் ஒன்றுமே இல்லை.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வைரஸ் என்றார் ஒருவர். சூடு என்றார் ஒருவர். ரிச்சி தெருவில் ஏமாற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ஜூலை 19 அன்று உலகம் முழுக்கக் கணினிகளில் நீலத்திரை வந்ததே, நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்த நாள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்தான் காரணம். சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அன்று சாயங்காலம் ஒரு சக ஆசிரியர், "உங்க கம்ப்யூட்டர் வியாதி ஊரெல்லாம் பரவிடுச்சு டீச்சர்" என்று கிண்டல் செய்தார். எங்களிடம் அந்த மென்பொருளே கிடையாது. ஆனால் ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதையே காரணமாக்கிவிட மனம் ஓடுகிறது.

என் மனமும் ஓடியது. அங்கேதான் தவறு செய்தேன்.

ஒரே ஒரு நாள் ஓடியது

அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளி இருந்தது. கணினியைத் திறந்து, இரண்டு ராம் அட்டைகளையும் கழற்றித் துடைத்து, மீண்டும் அழுத்தி மாட்டினேன். அதன்பின் நான்கு மணி நேரம் நிற்காமல் ஓடியது. எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. மன்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ராம் சரியா உக்காரல, அதான் பிரச்சினை. யாரு மாட்டினது?" என்று கேட்டேன். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. "அடுத்த தடவ கவனமா செய்யணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திட்டவில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

திங்கள்கிழமை காலை 10.50க்குக் கணினி பட்டென்று அணைந்தது. அந்த வாரம் முழுக்க அவன் மன்றத்துக்கு வரவில்லை.

நான் கணிதம் நடத்துபவள். ஒரே ஒரு எடுத்துக்காட்டு நிரூபணம் ஆகாது என்று ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். 2, 4, 8 என்று மூன்று எண்ணை எழுதி, அடுத்தது 16தான் என்று யாராவது சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று கேட்பவள். அப்படிப்பட்ட நான், ஒரு நாள் நான்கு மணி நேரம் ஓடியதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். அன்று திரும்பவும் நின்றபோதுதான் என் தர்க்கத்தில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. என்றோ ஒரு நாள் நிற்கும், என்றோ ஒரு நாள் ஓடும் என்கிற பழுதில், ஒரு நாள் ஓடியதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

நோட்டு போட்டோம்

அன்றே ஒரு நூறு பக்க நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, நீலத்திரை வந்ததா இல்லையா, வந்தால் அதில் இருந்த எழுத்து என்ன, கடைசியாக என்ன மாற்றினோம். ஆறே கட்டம்தான். அதோடு ஒரு விதியும் எழுதினோம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

இந்த விதி சுலபமாகத் தெரியும், கடைப்பிடிப்பது கஷ்டம். கோபத்தில் விண்டோஸை மறுபடி நிறுவி, ராமை மாற்றி, வயரையும் மாற்றிவிட்டால் பழுது போகலாம். ஆனால் எதனால் போனது என்று தெரியாது. திரும்ப வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விண்டோஸிலேயே நமக்கு உதவும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ரிலையபிலிட்டி ஹிஸ்டரி. தேடும் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வரும். நாள்காட்டிபோல் இருக்கும். எந்த நாளில் எது நின்றது என்று சிவப்புக் குறி போட்டுக் காட்டும். இன்னொன்று, ஈவென்ட் வியூவர். அதில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது நோயின் பெயர் அல்ல. "நான் முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனேன்" என்று கணினி திரும்ப எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு. அதற்குள் பக்செக் கோடு என்ற இடத்தில் ஓர் எண் இருந்தால், விண்டோஸ் தானே ஒரு பிழையைக் கண்டு நின்றது என்று பொருள். பூஜ்யம் இருந்தால், எழுதக்கூட நேரம் இல்லாமல் நின்றது. பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது எந்திரம் அப்படியே உறைந்திருக்கலாம்.

ஒரு வார நோட்டைப் பார்த்ததும் ஒன்று தெளிவானது. எங்களுக்கு ஒரு பழுது இல்லை, இரண்டு பழுது. நீலத்திரை வந்த நேரங்களில் எண் இருந்தது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் எண். பட்டென்று அணைந்த நேரங்களில் எல்லாம் பூஜ்யம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்ததால்தான் எதைச் செய்தாலும் சரியாகாததுபோல் தோன்றியது. ஒன்றைச் சரி செய்தாலும் மற்றொன்று வந்து, "இன்னும் போகவில்லையே" என்று ஏமாற்றியிருக்கும்.

முதல் பழுது

நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராமைத்தான். எந்த மென்பொருள் எந்த நேரத்தில் அந்தக் கெட்டுப்போன இடத்தில் தன் தகவலை வைக்கிறதோ, அது விழும். அதனால்தான் முகம் மாறி மாறி வருகிறது.

பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு ஒன்று இருக்கும். முதலில் அதை அணைத்துவிட்டு, இயல்பான வேகத்தில் சோதிக்க வேண்டும். எங்கள் கணினியில் அது அணைந்தேதான் இருந்தது. அடுத்து மெம்டெஸ்ட் 86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமல் நேரடியாக அதிலிருந்தே கணினியை ஓட்ட வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையும் உண்டு. ஆனால் சின்னப் பழுதை அது சில நேரம் தவறவிடும். இந்தச் சோதனை முடியப் பல மணி நேரம் ஆகும். பள்ளியில் இரவு விட்டுவைக்க முடியாதே. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, கணினியை ஆட்டோவில் ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

முதல் இரவு இரண்டு அட்டைகளோடும் ஓட்டினேன். காலையில் திரையில் சிவப்பாகப் பிழைகள். அடுத்த இரவு முதல் அட்டையை மட்டும் மாட்டினேன். ஒரு பிழையும் இல்லை. மூன்றாம் இரவு அதே இடத்தில் இரண்டாம் அட்டையை மட்டும் மாட்டினேன். பிழை வந்தது. நான்காம் இரவு அதே இரண்டாம் அட்டையை வேறு இடத்தில் மாட்டினேன். அப்போதும் பிழை. ஆக, பழுது மதர்போர்டில் உள்ள இடத்தில் இல்லை, அட்டையிலேயே இருக்கிறது. வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. யார் மாட்டியிருந்தாலும் அது நீலத்திரையைத்தான் காட்டியிருக்கும்.

நான்கு இரவு. ஒவ்வோர் இரவும் ஒரே ஒரு மாற்றம். இதைச் செய்யாமல்தான் அந்தப் பையனைக் கேட்டேன், "யாரு மாட்டினது?" என்று.

பில்லும் பெட்டியும் இருந்ததால் உத்தரவாதத்தில் அந்த அட்டையை மாற்றிக்கொள்ள முடிந்தது. அது வரும்வரை ஒரே அட்டையோடு வீட்டில் இரண்டு நாள் வீடியோ தொகுத்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று பள்ளிக்கு எடுத்து வந்தேன். மறுநாள் 10.55க்குப் பட்டென்று அணைந்தது. நீலத்திரை இல்லை. பக்செக் பூஜ்யம்.

வீட்டில் ஓடுகிறது, பள்ளியில் நிற்கிறது. எந்திரம் ஒன்றுதான். மாறியது இடம்.

இரண்டாம் பழுது

இதற்கிடையில் என் மனதில் வேறொரு கணக்கு பாக்கி இருந்தது. மன்றம் கூடிய நாளில் அந்த மாணவனை ஆள் அனுப்பி வரவழைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே நோட்டை விரித்து, நான்கு இரவுச் சோதனையையும் படித்துக் காட்டினேன். "பழுது ராம்லதான் இருந்துச்சு. இவன் மாட்டினதுல இல்ல. மிஸ் சரியா பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்ன தவறை, தனியாகக் கூப்பிட்டுத் திருத்தினால் கணக்கு நேராகாது என்று தோன்றியது.

அவன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். நீலத்திரை இல்லாத வரிசைகளில் நேரத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தான். 10.50, 1.20, 10.55, 10.50, 1.25. பிறகு சொன்னான்:

"மிஸ், இது மோட்டார் போடுற டைம் மிஸ்."

எனக்குப் புரியவில்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தால் ஓடிப்போய்ச் சொல்லும் வேலை அவன் வகுப்புக்கு. காலை இடைவேளைக்கு முன்னால் ஒரு முறையும், மதிய உணவு முடிந்த பிறகு ஒரு முறையும் மோட்டார் போடுவார்கள். சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள்தான் வருவார்கள், தொட்டித் தண்ணீர் போதும், மோட்டார் போட மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை கணினி ஏன் நிற்காமல் ஓடியது என்பதற்கும் இதுவே பதில்.

"எப்படிடா தோணுச்சு?" என்று கேட்டேன். "போட் நின்னா அப்பா ஃபர்ஸ்ட் டீசல் ஒழுங்கா வருதான்னுதான் மிஸ் பாப்பாரு. அப்புறம்தான் இன்ஜின பிரிப்பாரு" என்றான். நான் முதலில் இன்ஜினைப் பிரித்தவள்.

இருந்தாலும், ஒரு முறை சூடு பட்டுவிட்டதால் இதையும் உடனே நம்பிவிடவில்லை. சோதித்தோம். ஒரு வாரம் மோட்டார் போடும்போதெல்லாம் கணினியை அதே பிளக்கில் ஓடவிட்டோம். பத்து முறையில் நான்கு முறை நின்றது. அடுத்த வாரம் ஆய்வகத்தின் யுபிஎஸ் இணைப்பிலிருந்து தாற்காலிகமாக ஒரு வயர் எடுத்து ஓட்டினோம். பத்து முறையில் ஒரு முறைகூட நிற்கவில்லை.

இது தற்செயலாக இருக்க முடியாதா? பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்துகிறோமே, அதைக் கொண்டே கணக்கிட்டோம். ஒரு முறை நிற்காமல் இருக்க வாய்ப்பு 0.6. ஒவ்வொரு முறையும் தனித்தனி நிகழ்ச்சி என்று கொண்டால், பத்து முறையும் நிற்காமல் இருக்க வாய்ப்பு 0.6இன் பத்தாம் அடுக்கு. அதாவது சுமார் 0.006. ஆயிரத்தில் ஆறு. அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஏன் நின்றது? மோட்டார் ஓடத் தொடங்கும் அந்த விநாடியில், ஓடும்போது எடுப்பதைவிட ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே வழியில் இருக்கும் மற்ற பிளக்குகளில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். மின்விசிறி ஒரு கணம் தளர்ந்து மீண்டும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்விசிறிக்கு அது பெரிய விஷயம் இல்லை. கணினிக்கு அப்படி அல்ல. மின்சாரம் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் சேர்த்துவைத்த ஆற்றலைக் கொண்டு தாக்குப்பிடிக்கும் நேரம் சுமார் 16, 17 மில்லி விநாடிதான். நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. ஒரு சுற்றுகூட முழுதாகத் தாங்காது.

அரசு உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் அறையின் பிளக்கும் மோட்டாரும் ஒரே வழியில் இருந்தன. போதாததற்கு, சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் பிடித்திருந்த இடம் பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. கடல் காற்றின் வேலை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறதோ, அப்படியே செம்பு வயரும் உள்ளே அரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் நாம் பார்ப்பதில்லை.

வயர் முனைகளை மாற்றி, தனி வழி இழுத்து, எர்த்தைச் சரிபார்த்து, ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தோம். அதற்குப் பின்னும் நோட்டை நிறுத்தவில்லை. முப்பது பள்ளி நாள்கள் எழுதினோம். முப்பது நாளும் 'நிற்கவில்லை' என்று ஒரே வரி. அப்போதுதான் சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் 22 பாடங்கள் வீடியோவாகிவிட்டன.

உங்கள் பள்ளிக்குச் சில குறிப்புகள்

முதலில் ஓர் எச்சரிக்கை. அரசு வழங்கிய ஆய்வகக் கணினிகளை நாமே திறக்கக் கூடாது. அவற்றுக்குரிய பராமரிப்பு முறையில் புகார் பதிய வேண்டும். நான் சொல்வது பள்ளி தானாக வாங்கிய, உத்தரவாதம் நம் கையில் இருக்கும் கணினிகளுக்கு மட்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை யாரும், எப்போதும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். சுவர் பிளக்கிலும் சுவிட்ச் பெட்டியிலும் பிள்ளைகளும் கை வைக்கக் கூடாது, நாமும் கை வைக்கக் கூடாது.

சோதனை தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

புதிதாகப் பூட்டிய கணினி நின்றால் நான் இப்போது பார்க்கும் வரிசை இது. முதலில் மின்சாரம்: வேறு அறையில், வேறு பிளக்கில், யுபிஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஒட்டுச்சீட்டில் எத்தனை வோல்ட்டிலிருந்து தாங்கும் என்று எழுதியிருக்கும், அதையும் படியுங்கள். இரண்டாவது, இணைப்புகள்: மதர்போர்டுக்கு வரும் 24 முனை வயரும், ப்ராசசருக்கு அருகில் வரும் 4 அல்லது 8 முனை வயரும் கிளிக் என்று அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, சூடு: ப்ராசசர் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமலே மாட்டிவிடுவது புதிதாகப் பூட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. நம் பக்கத்தில் லாரிப் புழுதியும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து மின்விசிறியைச் சீக்கிரமே அடைத்துவிடும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். நான்காவது ராம், நான் சொன்ன முறையில். ஐந்தாவது எஸ்எஸ்டியின் ஆரோக்கியம். அதன் பிறகுதான் டிரைவர், பயாஸ் அப்டேட், விண்டோஸை மறுபடி நிறுவுதல். நம்மில் பலர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறோம்.

எல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால் மனம் தளராதீர்கள். சில நேரம் பழுது தயாரித்தவரிடமே இருக்கும். இதே 2024 ஜூலையில், தங்கள் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சில நிலையில்லாமல் போவதற்கு, அவற்றுக்குள் இருந்த மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதே காரணம் என்று இன்டெல் நிறுவனம் அறிவித்தது. பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் தந்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அதற்கு முன் எத்தனை பேர் தாங்கள்தான் தவறாகப் பூட்டிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்!

நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும் ஒரு பெரிய கணக்கைப் பல கணினிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1994இல் பென்டியம் ப்ராசசர் கொண்ட புதுக் கணினி ஒன்றையும் சேர்த்தார். ஜூன் மாதம் விடைகள் ஒத்துவரவில்லை. அவர் உடனே எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. முதலில் தன் நிரலைச் சந்தேகித்தார். பிறகு கம்பைலரை, பிறகு மதர்போர்டை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் ப்ராசசரின் வகுத்தல் கணக்கிலேயே பிழை இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மற்றவர்களுக்கு எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில், கேட்பவர் எல்லோருக்கும் ப்ராசசரை மாற்றித் தருவதாக இன்டெல் ஒப்புக்கொண்டது. அதற்காக அந்த நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஒரு கணித ஆசிரியரின் நான்கு மாதப் பொறுமை செய்த வேலை அது.

எனக்கு நான்கு மாதம் தேவைப்படவில்லை, நான்கு இரவுதான் தேவைப்பட்டது. அந்த நான்கு இரவு காத்திருக்காமல் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கிறேன். அன்று நான் தவறை ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால், அந்த நோட்டு அவன் கைக்குப் போயிருக்காது. மோட்டார் நேரம் தெரிந்த ஒரே பிள்ளை மன்றத்துக்கு வெளியிலேயே நின்றிருப்பான். நான் இன்னும் ராமைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பேன்.

வகுப்பிலும் இதைத்தான் இப்போது முயன்று பார்க்கிறேன். திடீரென்று மதிப்பெண் குறைந்த பிள்ளை, தினமும் தாமதமாக வரும் பிள்ளை, மதியத்துக்கு மேல் தூங்கும் பிள்ளை. "கவனம் இல்ல" என்று நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு வாரம் நேரத்தையும் நாளையும் குறித்து வைக்கிறேன். சில நேரம் காரணம் பிள்ளையிடம்தான் இருக்கிறது. பல நேரம் அவர்கள் வீட்டில் யாரோ மோட்டார் போடுகிறார்கள்.

அந்த மாணவன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. கணினி மன்ற நோட்டு இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது. நானே போய்க் கேட்டாலும், "மிஸ், ஒரு டைம்ல ஒரு சேஞ்ச்தான்" என்கிறான்.